கயிற்றுக்கடை அக்கா நடந்து பார்த்த மிஷின்கள்

எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவரைக் கயிற்றுக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். காசிமேட்டில், படகுக்காரர்களுக்கு வலையும் கயிறும் விற்கும் கடை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வீட்டுக்குள்ளேயே நடப்பதற்கு ஒரு டிரெட்மில் வாங்கலாமா வேண்டாமா என்று ஏறக்குறைய இரண்டு வருடம் யோசித்தார். உட்கார்ந்து யோசிக்கவில்லை. நடந்தபடியே யோசித்தார். நடந்ததெல்லாம் அடுத்தவர்கள் மிஷினில்.

குள்ளமான உருவம். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பார். முன்கைகள் மட்டும் அந்த உடம்போடு சம்பந்தமே இல்லாமல் முறுக்கேறி இருக்கும். கயிறு வாங்க வருகிறவர்கள் சும்மா பார்த்து வாங்க மாட்டார்களாம். ஒரு முனையைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, முகம் சிவக்கும்வரை இழுத்துப் பார்ப்பார்களாம். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்காவின் வேலை.

“நடுக்கடல்ல அறுந்துச்சுன்னா கடைக்கா வந்து சொல்லப் போறான்? இங்கயே இஸ்து பாத்துக்கட்டும்” என்பார்.

இருபது வருடம் மறுமுனையைப் பிடித்ததில், விற்பனைக்கு வைத்திருக்கிற எதையும் இழுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அவர் உடம்பில் ஊறிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி வாங்கப் போனால் கடையில் இருக்கிற எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்து பார்ப்பார். கடையில் உட்காருகிற மாதிரி அல்ல. வீட்டில் எப்படி உட்காருவாரோ அப்படி, ஒரு காலை மடித்துப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. ஒருமுறை நான்காவது நாற்காலியில் தூங்கியே போய்விட்டார். கடைக்காரர் எழுப்ப மனமில்லாமல் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாராம். அரை மணி நேரம் கழித்து விழித்தவர், “இது வாணாம்பா. குந்தினா தூக்கம் வருது” என்று சொல்லிவிட்டு ஐந்தாவதை வாங்கி வந்தார்.

கிரைண்டர் வாங்கிய கதை இன்னும் பிரசித்தம். தேரடிப் பக்கம் தூத்துக்குடிக்காரர் ஒருவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். அக்கா முதல் நாளே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, தூக்கில் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்விட்டார். போய், கடையிலேயே ஒரு கிரைண்டரில் போட்டு முழு மாவையும் அரைத்து வழித்தும் எடுத்துவிட்டார்.

“அரைச்சு முடிச்சாச்சுல்லாம்மா. பில்லு போட்டிரட்டுமா?” என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர்.

“அரச்சது நல்லாதான் கீது. மாவு பொங்குதான்னு பாத்துட்டுக் காலைல சொல்றேன்.”

மறுநாள் காலை அதே தூக்கில் நாலு இட்லி கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே நின்று, அவர் முகத்தையே பார்த்துவிட்டுத்தான் கிரைண்டரை வாங்கினார்.

நான் மதுராந்தகம் பக்கத்துப் பெண். கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தேன். ராயபுரத்தில் கண்டெய்னர்களுக்கு லாரி ஏற்பாடு செய்யும் ஒரு அலுவலகத்தில் வேலை. என் கணவருக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. எங்கள் இரண்டாவது கல்யாண நாளுக்கு அவர் ஒரு டிரெட்மில் வாங்கினார். எனக்குப் புடவை எடுத்துத் தரப்போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். மூன்று பேர் மூச்சு வாங்க அதை இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார்கள். “ரெண்டு பேருக்கும் சேத்துதான்” என்றார் இவர். பதினோரு நாள் நடந்தார். நான் ஆறு நாள். பன்னிரண்டாம் நாள் ஈரத்துண்டு ஒன்று அதன் கைப்பிடியில் ஏறியது. பிறகு இவருடைய சட்டைகள், என் துப்பட்டாக்கள், இஸ்திரிக்குப் போக வேண்டியவை, போய் வந்தவை. ஒரு வருடத்தில் அதன் அடியில் மிஷின் இருப்பதே எங்களுக்கு மறந்துபோனது.

அக்கா கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். ஒரே மகள், ஆவடியில் கட்டிக் கொடுத்திருந்தார். திடீரென்று ஒருநாள் கடையில் மயங்கி உட்கார்ந்தார் என்று நான்தான் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார்.

“எங்க நடக்கறது டாக்டர்?”

“ரோட்டுலதாம்மா. எல்லாரும் நடக்கறாங்களே.”

“ரோட்ல நான் நடக்க மாட்டேன்.”

“சரி, பார்க்குக்குப் போங்க.”

“பார்க்குக்கு ரோட்டத் தாண்டிதான் போவணும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ ஒரு டிரெட்மில் வாங்கி வீட்டுக்குள்ளயே நடங்க” என்றார். பாதி கேலியாகத்தான் சொன்னார். அக்கா அதை முழுதாக எடுத்துக்கொண்டார்.

“சீட்டுல எழுதிக் குடுங்க.”

அவரும் எழுதிக் கொடுத்தார். மாத்திரைகளுக்குக் கீழே, காலையில் ஒரு வேளை என்று. மருந்துக்கடைக்காரர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, “கடைசி ஐட்டம் நம்மகிட்ட இல்லீங்க” என்று திருப்பிக் கொடுத்தது எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது.

அவர் சாலையில் நடக்க மாட்டேன் என்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எதிர்ப்பக்கம் இருக்கிற பேக்கரிக்கு ரொட்டி வாங்கப் போகக்கூட ஆட்டோ பிடிக்கிறவர் அவர். ஆட்டோ சிக்னல்வரை போய்த் திரும்பி வந்து, பேக்கரி வாசலில் அவரை இறக்கிவிட்டு, ரொட்டியோடு மறுபடி ஏற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து சிக்னலையும் சுற்றிக்கொண்டு வரும். தெருமுனை ஆட்டோக்காரர்கள், “இன்னாக்கா, இன்னிக்கு வெளிநாடா, உள்நாடா?” என்று கேட்பார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். சோம்பல் என்றுதான் நினைத்தேன்.

மிஷின் பார்க்க முதலில் ராயபுரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, வரிசையாக மிஷின்கள். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார்.

“மேடம், இது மூணு ஹெச்பி மோட்டார், பன்னெண்டு புரோகிராம், புளூடூத்...”

“அதெல்லாம் அப்பால பாக்கலாம். இத்தப் போடு, நடந்து பாக்கறேன்.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைப்பையை என்னிடம் கொடுத்தார். ஏறி நின்றார். விற்பனையாளர் ஒரு சிவப்புக் கயிற்றை அவர் முந்தானையில் கிளிப் போட்டு மாட்டினார்.

“இது இன்னாத்துக்கு?”

“நீங்க தவறி விழுந்துட்டா இது பிடுங்கிக்கும் மேடம். மிஷின் உடனே நின்னுடும்.”

கயிறு என்றதும் அக்காவின் முகமே மாறிவிட்டது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் அதைப் பிடித்து இழுத்தார். நின்றது. மறுபடி போடச் சொன்னார். மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவையும் நின்ற பிறகுதான், “நிக்குது” என்று ஒத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

ஐந்து நிமிடம்வரை விற்பனையாளர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் நின்றார். பத்தாவது நிமிடத்தில் காலை மாற்றிக்கொண்டார். இருபதாவது நிமிடத்தில் வேறு ஒருவரைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தார். முப்பதாவது நிமிடத்தில் அவருக்கே பாவமாக இருந்தது போல, அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சரியாக நாற்பதாவது நிமிடம் அக்கா இறங்கினார். தரை இன்னும் ஓடுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஏதோ எண் தெரிந்தது.

“இது இன்னா நம்பரு?”

“நீங்க எரிச்ச கலோரி மேடம்.”

“அப்டின்னா?”

விற்பனையாளர் கொஞ்சம் யோசித்தார். “சுமாரா ரெண்டு இட்லி மேடம்.”

“நாப்பது நிமிசத்துக்கு ரெண்டு இட்லிதானா? காலைல நாலு துன்னேனே!” என்று சொல்லி அக்கா மறுபடி ஏறிவிட்டார்.

அன்று இறங்கும்போது, “நல்லாதான் கீது. நாளைக்கு அடுத்தத பாக்கறேன்” என்றார். மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஷோரூம் வாசலிலேயே இறங்கி, அடுத்த மிஷினில் நாற்பது நிமிடம். அதற்கடுத்த நாள் அதற்கடுத்தது. நானும் இரண்டு நாள் கூடப் போனேன். நான்காம் நாள் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அக்கா வியர்வை வழிய நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து அந்த ஆள் மரியாதையாகக் கேட்டார்.

“எப்படிம்மா இருக்கு? வாங்கலாமா?”

அக்கா நடையை நிறுத்தவில்லை. “வூட்ல துணி காயப்போட எடம் கீதா?”

“மொட்டைமாடி இருக்கு.”

“அப்ப வாங்காத. கீற கொடி பத்தாதா?”

என் முகம் சூடாகிவிட்டது. எங்கள் கூடத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பெண் புருஷனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவர்கள் அப்படியே வெளியே போய்விட்டார்கள். பின்னாலேயே மேனேஜர் வந்தார். கத்தவில்லை. கைகூப்பித்தான் சொன்னார். “அம்மா, நீங்க நல்லா யோசிச்சு, ஒரு முடிவுக்கு வந்துட்டு, அப்புறமா வாங்க.”

வெளியே வந்ததும் நான் கோபப்பட்டேன். அக்காவுக்குக் கோபமே இல்லை. “அவன் பொளப்ப அவன் பாக்கறான். வுடு. புது மிசினு எல்லாமே நல்லாதான் ஓடுதுமே. வூட்டுக்கு வந்து ஒரு வருசம் குந்தின மிசினு எப்டி ஓடுதுன்னுதான் பாக்கணும்” என்றார். எனக்கு அப்போதே கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டினார். “துணிய எடுமே, ரவ நேரம் நடந்துட்டுப் போறேன்.”

ஒரு வருடத் துணியை அள்ளிக் கட்டிலில் போட்டேன். என் கணவர் லுங்கியோடு படுக்கையறைக்குள் ஓடி ஒளிந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது தினமும் தொடர்ந்தது. சொந்த வீட்டில் காலை நேரத்தில் சட்டை போட்டுக்கொண்டு காபி குடிக்க வேண்டியிருக்கிறதே என்று இவர் புலம்பினார்.

“இதுக்காகவா இத வாங்கினேன்?”

“நீங்க நடந்தா அவங்க எப்படி நடப்பாங்க? மிஷின் காலியா இருக்கறதாலதான வர்றாங்க” என்றேன்.

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் ஐந்தரைக்கே எழுந்து நடந்துவிட்டுக் குளிக்கப் போனார். ஆறரைக்கு வந்த அக்கா ஏறுவதற்கு முன்னால் மோட்டார் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “சுடுதே. யாரோ நடந்துகீறாங்க” என்று குளியலறைப் பக்கம் திரும்பினார். துண்டோடு வெளியே வந்த இவர், ஆசிரியையிடம் பாராட்டு வாங்கிய பையன் மாதிரி நின்றார். அதற்குப் பிறகு இவரும் விடவில்லை. நடுவில் ஒருநாள் அக்கா, “தம்பி, உன் மிசினு பீச்சாங்கைப் பக்கம் இஸ்துகினு போவுது” என்று சொல்ல, இவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் படுத்து, பின்னால் இருக்கிற திருகாணியை முடுக்கி பெல்ட்டை நேராக்கினார்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை பார்த்தவர். சார் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் காலை அவர் மேலே ஏறி வந்துவிட்டார்.

“இன்னாம்மா, எங்க தலை மேல கூட்ஸ் வண்டியா ஓட்றீங்க?”

அக்கா இறங்காமலே அவரைக் கேட்டார். “சார், உங்க வூட்டுல ஒரு சைக்கிள் மிசினு கீதுன்னு சொன்னாங்களே. அது சத்தம் போடாதுல்ல?”

சண்டைக்கு வந்தவர் தன் சைக்கிளை வந்து மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதன் கைப்பிடியில் குடையும் போன வருடக் காலண்டரும் தொங்கிக்கொண்டிருந்தனவாம். ஒரு வாரம் அக்கா அங்கே போய் மிதித்தார். சார் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தபடி, “ஸ்பீடு கம்மியாவுதும்மா” என்று எச்சரித்துக்கொண்டிருப்பார். வார முடிவில், “இது எனக்கு ஆவாது. முட்டி பேசுது” என்று அக்கா தள்ளிவிட்டார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் சாருக்குத் தன் சைக்கிள் மேல் புதிதாக உரிமை பிறந்துவிட்டது. குடையை ஆணியில் மாட்டிவிட்டுத் தானே மிதிக்க ஆரம்பித்தார்.

நாலு மாதத்தில் அக்காவின் சர்க்கரை நன்றாக இறங்கியது. டாக்டர் சந்தோஷமாகக் கேட்டார். “அப்ப டிரெட்மில் வாங்கிட்டீங்க!”

“பாத்துகினுதான் கீறேன் டாக்டர்.”

“இன்னுமா?”

“இன்னா டாக்டர் இப்டிக் கேக்கறீங்க. அது அவசரத்துல வாங்கற பொருளா?”

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா கடைசிவரை வாங்கவில்லை. இப்போது ஆவடியில் மகளோடு இருக்கிறார். எங்கள் மிஷின் எங்களிடம்தான் இருக்கிறது. இவர் இன்னும் அதில் நடக்கிறார். வாங்கலாமா என்று யாராவது இவரைக் கேட்டால், “வாங்கலாம். ஆனா அதுல நடக்கறதுக்குப் பக்கத்து வீட்டுல ஒரு ஆள் இருக்கணும்” என்கிறார். கேட்டவர்கள் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்கா ஏன் சாலையில் கால் வைக்க மாட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் நான் வாய்த்துடுக்காகக் கேட்டதால். என் கணவருக்கு அன்று இரவுப் பணி. கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். அக்கா நடந்துகொண்டிருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஏங்க்கா, தினம் மாடி ஏறி வந்து இதுல நடக்கறதுக்கு, கீழ கடலோரமா காத்தாட நடக்கலாமே?”

 எதிரே சுவரைப் பார்த்தபடியே கொஞ்ச தூரம் நடந்தார்.

“எங்க வூட்டுக்காரருக்கும் சக்கரதாம்மே. டாக்டரு நடக்க சொன்னாருன்னு தெனம் காலைல போவாரு. எட்டாம் நாளு. பஸ் ஸ்டாப்பாண்ட கண்டெய்னர் வண்டி திரும்பிக்கீது. பின்னால டிரெய்லரு ஓரத்துக்கு வந்துடுச்சு.” பெல்ட் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. “அவரு ஓரமாதான் போய்கினு இருந்தாரு. ஓரமாதான்.”

என் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது. அந்த லாரிகளை எந்த நேரத்துக்கு துறைமுகத்தின் எந்த கேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டியல் போடுவதுதான் என் வேலை. அவருக்கு அது தெரியும். பல தடவை என்னோடு அலுவலகம்வரை ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“இதுல பாரு, பின்னால எதுவும் வராது. அதான் எனக்குப் புட்ச்சுப்போச்சு” என்றார்.

“அப்ப ஒண்ணு வாங்கிக்குங்கக்கா. எதுக்கு இன்னும் யோசிக்கறீங்க?”

“வாங்கிட்டா தனியா நடக்கணும். செவுத்தப் பாத்துகினு எம்மா நேரம் நடக்கறது?” என்றவர், வேகத்தை ஒரு புள்ளி கூட்டிவிட்டு, “கத்திரிக்காய சின்னதா வெட்டு. இப்டி வெட்னா வேவாது” என்றார்.

அந்த வருடக் கடைசியில் புயல் வந்தது. இரண்டு நாள் மழை, காற்று. மின்சாரம் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. அக்கா வழக்கம்போல் வந்து மிஷின் மேல் ஏறி நின்றார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். காலால் பெல்ட்டைத் தள்ளிப் பார்த்தார். அது கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

“ரெண்டு நாளா நடக்காம காலு குடையுது” என்று இறங்கிப் பால்கனிக்குப் போனார்.

எங்கள் பால்கனியிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை தெரியும். எந்த நேரத்தில் பார்த்தாலும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். அவற்றின் தலைக்கு மேலேதான் கடல் தெரியும். அன்று சாலை காலியாகக் கிடந்தது. ஒரு வண்டி இல்லை. தார்ச்சாலை ஈரத்தில் பளபளத்தது. கடல் முழுசாகத் தெரிந்தது.

“எங்கமே போச்சு எல்லாம்?”

“துறைமுகத்த மூடிட்டாங்கக்கா. வண்டிகள யார்டுக்குள்ள போடச் சொல்லிட்டாங்க. திறக்க ரெண்டு நாள் ஆகும்.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோதும் அப்படியே நின்றிருந்தார்.

“நீ வரியா?” என்றார்.

கேட்டைத் தாண்டிச் சாலை ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஒரு காலை மட்டும் தார் மேல் வைத்து அழுத்தினார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார்.  எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு இரண்டாவது காலையும் எடுத்து வைத்தார்.

எண்ணூர்ப் பக்கமாக நடந்தோம். பாறைகளின் மேல் அலை அடித்துச் சாலைவரை தூவானம் விழுந்தது. ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. கூரைத் தகடு பறந்துபோயிருந்தது. உள்ளே மணல் ஏறி, அதன் மேல் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. அக்கா அங்கே நின்றார்.

“இம்மா எடம் கீது பாரு ஓரத்துல” என்றார். கையால் அளந்து காட்டினார்.

பிறகு நடந்தோம். குப்பத்தில் ஆட்கள் படகுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டு கத்தினார். “இன்னாக்கா, ஆட்டோ கெடைக்கலியா?” அங்கேயும் தெரிந்திருந்தது அந்தக் கதை.

“உன் படகு இன்னா ஆச்சு?”

“கட்ன எடத்துலயே கீதுக்கா!”

அக்கா திரும்பி என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். வீடு திரும்பும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மறுநாளும் போனோம். சாரும் தொப்பி போட்டுக்கொண்டு கூட வந்தார்.

அன்று மாலை மின்சாரம் வந்தது. என் கணவர் ஓடிப்போய் மிஷினைப் போட்டுப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் நின்று கீழே குரல் கொடுத்தார். “அக்கா, மிஷின் ஓடுது, காலைல வாங்க!”

“கெடக்கட்டும் தம்பி. ரோட்ட இன்னும் முழுசா பாக்கல” என்று பதில் வந்தது.

துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள் என்று என் கைப்பேசிக்கு மறுநாள் அதிகாலையிலேயே செய்தி வந்திருந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாகக் கீழே இறங்கினேன். அவர் எனக்கு முன்பே கேட்டருகில் நின்றிருந்தார். சொன்னேன்.

“இன்னிக்கு வண்டி வருங்க்கா.”

“தெரியும். சத்தம் கேக்குது.”

“அப்ப மேல வந்துடுங்களேன்.”

அவர் நடக்கத் தொடங்கினார். நானும் போனேன். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். பின்னால் ஹாரன் கேட்டது. “ஓரமா வாங்கக்கா” என்று நான் சொல்வதற்குள் அவர் ஓரத்துக்குப் போய், சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். பயத்தில் ஓடிவிடுவாரோ, மயங்கி விழுந்துவிடுவாரோ என்று நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வண்டி வந்தது. தரை அதிர்ந்தது. சக்கரங்கள் என் மார்பு உயரத்துக்கு வரிசையாகப் போயின. தேங்கியிருந்த சேற்றுத்தண்ணீர் எங்கள் இருவர் மேலும் அடித்தது. தினமும் பட்டியலில் நான் எழுதுகிற வண்டி எண்களை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தது இல்லை. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் மூன்று நான்கு சேர்ந்தாற்போல. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

சத்தம் ஓய்ந்து கண்ணைத் திறந்தபோது, அக்கா கடைசி வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சேறு. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“போயிடுச்சு. கைய வுடுமே, வலிக்குது” என்றார்.

குனிந்து பார்த்தேன். அவர் மணிக்கட்டை என் இரண்டு கைகளாலும் பற்றியிருந்தேன்.  விட்டேன். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எண்ணூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவரைப் பிடிக்க நான் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.